பூஜ்யம் டிகிரி

மென்பொருள் அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பட்டப்பெயர். வேலை கேட்டு வருகிறவர்களைத் துருவித் துருவிக் கேள்வி கேட்பதால் வந்தது. அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண், பிள்ளை வளர்ப்புக்காக எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடி வந்தவள். பேனா மூடியைத் திருகிக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஒரு நம்பரை அப்படியே இஃப் கண்டிஷன்ல, அதாவது 'இது இருந்தா'ங்கிற இடத்துல, போடறீங்க. அந்த நம்பர் பூஜ்யமா இருந்தா?"

துருவி வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். துருவியின் பாதிக் காது இங்கே, கண் கடிகாரத்தில். காலையிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. எதையோ பூட்டாமல் வந்துவிட்ட மாதிரி ஓர் அரிப்பு. எதை என்றுதான் பிடிபடவில்லை.

"ப்ரோகிராம் எழுதற லாங்குவேஜைப் பொறுத்தது மேடம். சி-ல பூஜ்யம்னா 'இல்லை'ன்னு எடுத்துக்கும். பைத்தானும் அப்படித்தான். ஜாவா கறாரு, நம்பரைக் கொண்டுபோய் இஃப்ல நிறுத்தினா வாசல்லயே திருப்பி அனுப்பிடும். ரூபிதான் தாராளம். பூஜ்யமும் அதுக்கு 'ஆமா'தான்."

காலையிலிருந்து அரித்தது எது என்று துருவிக்குப் பிடிபட்டது.

பத்து நாளைக்கு முன்னால் அவள் ஒரு பழைய ரூபி நிரலைப் பைத்தானுக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். தடுப்பூசிக் கிடங்கின் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கிற ப்ரோகிராம் அது. மணிக்கு ஒருமுறை முழு எண்ணாக வெப்ப அளவு வரும். ரெண்டு டிகிரிக்குக் கீழே போனால் மணி அடிக்கும். அளவே வராவிட்டால் கடைசியாக வந்ததையே திரை காட்டிக்கொண்டிருக்கும். 'அளவு வந்திருந்தால்' என்கிற அந்த ஒற்றை வரியை அவள் அச்சுப் பிசகாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தாள். ரூபிக்குப் பூஜ்யம் டிகிரியும் ஓர் அளவு. பைத்தானுக்கோ பூஜ்யம் வந்தால் எதுவுமே வரவில்லை என்று அர்த்தம். பெட்டி உறைந்து போகும். திரையில் பழைய எண் பச்சையாக எரியும்.

சட்டென்று எழுந்தாள். வந்தவளின் முகம் வாடிவிட்டது. "தப்பாச் சொல்லிட்டேனா மேடம்?"

"இல்லைங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க." அதற்குள் துருவி கதவைத் தாண்டியிருந்தாள்.

நடைவழியில் நின்றபடியே கிடங்குக்குப் போன் போட்டாள். ஸ்டோர்கீப்பர், ஓய்வுபெற ஒரு வருஷமே பாக்கியிருந்த மனிதர், வாய் நிறையச் சாப்பாட்டோடு எடுத்தார்.

"அண்ணே, பெட்டியெல்லாம் என்ன காட்டுது?"

"எல்லாம் பச்சை மேடம். நாலு, அஞ்சு. மூணாம் பெட்டி ரெண்டு."

"அது எப்போலேருந்து ரெண்டுல நிக்குது?"

"காலைல நான் வந்ததுலேருந்து. ஆடாம அசையாம நிக்குது, நல்லதுதானே?"

"திரையை விடுங்கண்ணே. கைத் தெர்மாமீட்டரை உள்ள வச்சுப் பாருங்க."

"ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு..."

"உங்க கால்ல விழறேன், இப்பவே போங்க!"

காத்திருந்த ஆறு நிமிஷமும் நடைவழியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நகத்தைக் கடித்துச் சதை வரைக்கும் வந்துவிட்டாள்.

"மேடம்," அவர் குரல் இறங்கியிருந்தது. "பூஜ்யத்துக்கும் ஒரு நூல் கீழ நிக்குது. ஓரத்துல ஐஸ் கட்டியிருக்கு. இதுலேருந்துதான் பத்து மணிக்கு முகாமுக்கு மருந்து ஏத்திவிட்டேன்."

வண்டி ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. முகாம் நர்ஸ் நாலாவது தடவையில் எடுத்தாள்.

"அந்த மருந்தைப் போடாதீங்க! உறைஞ்சு போயிருக்கு."

"ரெண்டு குழந்தைங்களுக்குப் போட்டாச்சே! யாருங்க நீங்க?"

"பெட்டியைக் கவனிக்கிற ப்ரோகிராமை எழுதினவ."

அந்தப் பக்கம் ஊசித் தட்டை ஓரமாக நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு நர்ஸ் சொன்னாள்: "உறைஞ்ச மருந்து பலிக்காதும்மா. ரெண்டு பேருக்கும் திரும்பக் குத்தணும். அதை அந்தத் தாய்மார்கிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். முதல் தாய் சரி என்று போனை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாமவள், "உங்க பிள்ளைன்னா இப்படி அசால்ட்டா இருப்பீங்களா?" என்று கேட்டாள். துருவி போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "சென்சார் கோளாறுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. எதுக்கு வீணா நீ மாட்டிக்கறே?"

"அப்படி எழுதினா சென்சாரை மாத்திட்டு இதே ப்ரோகிராமை ஓட்டுவாங்க சார்."

"அப்ப மெமோ உன் பேர்லதான் வரும்."

"வரட்டும்."

மெமோ வந்தது. மூன்றாம் பெட்டி மருந்து முழுவதும் அழிக்கப்பட்டது. குழந்தைகள் இருவருக்கும் அடுத்த வாரம் மறுபடி ஊசி போட்டார்கள். நேர்காணலுக்கு வந்தவளுக்கு வேலை கிடைத்தது. நிரலில் இருந்த நாற்பத்தோரு இஃப்களையும் துருவியோடு உட்கார்ந்து சல்லடை போட்டுச் சலித்தது அவள்தான். இதே தப்போடு இன்னும் இரண்டு அகப்பட்டன. திருத்திய பிறகும் துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் துலக்கும்போதும் ஏதாவது ஒரு வரி நினைவுக்கு வந்து பிரஷை அப்படியே நிறுத்தும்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டோர்கீப்பர் போன் செய்தார்.

"நாலு, அஞ்சு, மூணு மேடம். கையால பார்த்தேன்."

"திரையிலயும் அதானேண்ணே வருது?"

"வருது. இருந்தாலும் சொல்லிடலாம்னு."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி அழைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.