ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வந்தவள்

குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஆண்டறிக்கை என்றால் உயிர். அட்டையில் பூ, ஓரமெல்லாம் கொடி. அச்சடித்து, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து எல்லோர் போனுக்கும் அனுப்புவார். அவருடைய தங்கைக்குக் கண் தெரியாது. எழுத்தை வாசித்துச் சொல்லும் அவள் போன் அதை வாசித்த அழகைக் கேட்கவேண்டுமே: "படம். படம். படம்."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று அண்ணனே படித்துக் காட்டுவார். தனக்குப் போரடித்த இடங்களையெல்லாம் தாவிவிடுவார். போன வருடக் கூட்டத்தில் அவள் கை தூக்கியபோது, "அண்ணன்கிட்ட சொல்லிடும்மா" என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

இந்த வருடம் அவள் விடவில்லை. "நானே எந்திரிச்சுப் பேசணும்ண்ணே. நீ வடிகட்டிக் குடுக்கிறத வச்சுக்கிட்டு என்னத்தப் பேசுறது?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. ஸ்கேனை மூட்டை கட்டினார். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் தலைப்பாகிவிடாது, இது தலைப்பு என்று கம்ப்யூட்டருக்கும் சொல்லவேண்டும். இடைவெளி தட்டித் தட்டி ஒப்பேற்றியதை நிஜ அட்டவணையாகப் போடவேண்டும். தங்கை சொல்லச் சொல்ல, முணுமுணுத்துக்கொண்டே செய்தார். படத்துக்கும் விளக்கம் எழுதினார்: 'மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. முன்னால் நான்.'

"தொந்தியையும் சேத்துக்க" என்றாள் தங்கை.

கூட்டத்தில் எல்லோர் கையிலும் அச்சடித்த அறிக்கை. விசிறிக்கொள்ள வசதியாக இருந்தது. "கேள்வி ஏதாச்சும் உண்டா?" என்று ஒப்புக்குக் கேட்டார் செயலாளர். போன் வாசிப்பதைக் கேட்க மாட்டியிருந்த இயர்போனைச் சரிசெய்தபடி தங்கை எழுந்தாள்.

"ரெண்டாவது தலைப்புல லிப்ட் ரிப்பேர் முடிஞ்சதுன்னு இருக்கு. கடைசி அட்டவணையில அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவச்சாச்சுன்னு இருக்கு. எது நிஜம், செயலாளர் ஐயா?"

கூடம் முழுக்கப் பக்கங்கள் புரளும் சத்தம். செயலாளர் ஆசையில் முன்கூட்டியே எழுதிவைத்த வரி அது, மாற்ற மறந்துபோயிருந்தார்.

"தள்ளிவச்சதுதான்" என்று அசடு வழிந்தார்.

"அப்ப இந்த வருஷமே முடிக்கணும். மேல் மாடியில முழங்கால் வலிக்காரங்க இருக்காங்க." சடசடவென்று கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

பக்கத்து நாற்காலியிலிருந்த பொருளாளர் குனிந்தார். "என்ன சார், சொந்தத் தங்கச்சியே மானத்த வாங்கிட்டாங்க!"

கூனிக் குறுகவேண்டிய நேரம்தான். மனுஷருக்கோ பெருமை தாங்கவில்லை. மைக்கை அணைக்காததையும் மறந்துவிட்டார்.

"இத்தனை பேர்ல அறிக்கையைப் படிச்சுட்டு வந்தது அவ ஒருத்திதான், பாத்தீங்கல்ல!"

கூடமே திரும்பிப் பார்த்தது. தங்கை இன்னும் உட்காரவில்லை.

"செயலாளர் ஐயா, ரெண்டாவது கேள்விக்குப் போகலாமா?"