குளத்தைத் தாண்டி நூற்றறுபது கஜம்

ஏலமலையில் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிற கோல்ஃப் பந்து எங்கே போய் நிற்கிறதோ, திங்கட்கிழமை பால் வரும் நேரத்தில் அடித்தவரின் வீடும் அங்கே போய் நின்றுவிடும். வீட்டுக்கு வாரம் ஒருமுறைதான் அடிக்கலாம். ஊரில் யாரும் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. வாரமெல்லாம் தபால் பிரித்துவிட்டு, மளிகை கட்டிவிட்டு, ஞாயிறு காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான். பால்காரர் மட்டும் அன்று மாலை ஒரு சுற்று வந்து, யார் பந்து எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வில்வநாதன் பத்திரமாக அடிக்கிறவர். ஏழாம் நம்பர் மட்டை, எண்பது கஜம், நேராக. அவர் வீடு சரிவில் சாய்ந்ததில்லை, மணல்குழியில் இறங்கியதில்லை. பதினெட்டுக் குழியையும் சுற்றிவர மற்றவர்களுக்கு இரண்டு வருஷம் என்றால் அவருக்கு மூன்றரை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பெரிய மட்டையும் ஒன்று வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்தது. உறை பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

மகள் இளவேனில் தலைப்பிரசவத்துக்குப் பல்லடத்திலிருந்து வந்தபோது, வீடு ஐந்தாம் குழிக்குப் போகும் வழியில், குளத்தின் இந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி அந்தக் கரையில். அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் கிடையாது. உடம்புக்கு முடியாதவர்களின் வீடே பக்கத்தில் வந்து நிற்கும்போது கட்டிலுக்கு என்ன வேலை? தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கவேண்டும் என்பதால், வீடு போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும்.

பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் இரண்டு ஞாயிறு. குளத்தைச் சுற்றிப் பத்திரமாகப் போனால் ஐந்து அடி, அதாவது ஐந்து வாரம். குளத்துக்கு மேலே ஒரே அடி, ஆனால் நூற்றறுபது கஜம்.

வில்வநாதனின் மனைவி உலகம்மை காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள்.

“நீங்க சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள உங்க பேரப்பிள்ளை நடந்தே அங்க போயிரும்.”

“தண்ணியில விழுந்துட்டா என்ன பண்றது?”

“விழுந்தா விழுவோம். அங்கயும் மனுசங்கதான குடியிருக்காங்க?”

குடியிருந்தார்கள். குளத்துக்குள் பதினோரு வீடுகள் ஜன்னல்வரை தண்ணீரில் நின்றன. எல்லாம் ஓங்கி அடித்தவர்களின் வீடுகள். மொட்டைமாடியில் துணி காயப்போடுவார்கள், கையாட்டுவார்கள். வில்வநாதன் பதிலுக்குக் கையாட்டிவிட்டு, ‘நல்லவேளை’ என்று நினைத்துக்கொள்வார்.

இளவேனில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்பா, பயந்துகிட்டே அடிச்சா பாதியில விழுந்துரும். அடிக்கிறதுன்னா முழுசா அடிங்க.”

அன்று அவர் பீரோவை நகர்த்தினார்.

ஞாயிறு வரும்வரை தினமும் கொல்லையில் நின்று பந்தில்லாமல் வீசிப் பழகினார். முதல் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் உள்ளங்கை கொப்பளித்தது. துணி சுற்றிக்கொண்டு வீசினார். பயம் போகவில்லை. ஆனால் மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் பத்துத் தடவை வீசினார். உலகம்மை சனிக்கிழமையே பாத்திரங்களைத் தரையில் இறக்கிவைத்து, பீரோவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை ஊரே வந்து நின்றது. வில்வநாதன் யாரையும் பார்க்கவில்லை. முழுசாக அடித்தார். அப்படி ஒரு சத்தம் தன் மட்டையிலிருந்து வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. பந்து ஏறியது, குளத்தின் நடுவைத் தாண்டியது, பதினோரு வீடுகளையும் தாண்டியது, கரைக்குப் பத்துக் கஜம் இருக்கும்போது தண்ணீரில் இறங்கியது.

அவமானமாகத்தான் இருந்தது. மட்டையைத் துடைத்து, கீழே வைக்காமல், மகளைப் பார்த்தார். “நல்லா அடிச்சீங்கப்பா” என்றாள் அவள்.

திங்கட்கிழமை பால்காரர் பரிசலில் வந்தார். தண்ணீர் ஜன்னல் கட்டைவரை நின்றது. கெண்டைமீன்கள் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. உலகம்மை மாடி அறையில் அடுப்பை மூட்டி, “காத்து நல்லா வருது” என்றாள்.

வியாழக்கிழமை மதியம் இளவேனிலுக்கு வலி எடுத்தது. வில்வநாதன் மொட்டைமாடியில் ஏறி ஆஸ்பத்திரியைப் பார்த்துக் கத்தினார். தொண்டை அடைக்கும்வரை கத்தினார். அங்கே ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நீந்தியாவது போய் யாரையாவது இழுத்துக்கொண்டு வருவது என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

பக்கத்து மொட்டைமாடியில் புடவை உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கேட்டாள்: “எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா வலிக்குதாம்?”

“நாலு நிமிஷம்மா. ஆஸ்பத்திரியில யாருமே திரும்பமாட்டேங்கிறாங்க.”

“அங்க யாரு இருக்கா? ஒரு வாட்ச்மேனும் எடை பாக்குற மெஷினும்தான். டாக்டருங்க ஆறு பேரும் இங்கதான் இருக்கோம். எங்கள்ல யாருக்கும் சுத்திப் போற புத்தி கிடையாது.” அந்த அம்மாள், டாக்டர் பெர்சிஸ், கடைசிப் புடவையையும் உதறிக் காயப்போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பரிசலில் ஏறினாள். “வெந்நி போடச் சொல்லுங்க.”

நாலரை மணிக்கு மாடி அறையில் பெண்குழந்தை பிறந்தது. மூன்றே கால் கிலோ. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. வில்வநாதன் படிக்கட்டில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியவேண்டாம் என்றுகூட நினைக்காமல் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் செயலாளர் பரிசலில் குழந்தைக்கான பந்தைக் கொண்டுவந்தார். ஊரில் பிறக்கிற குழந்தைக்குத் தனிப் பந்து, பிறந்த இடமே தொடக்கம். குழந்தை கையை உதறியதில் பந்து ஜன்னல் வழியே தண்ணீரில் விழுந்தது. மூழ்கவில்லை, மெதுவாகக் கரைப்பக்கம் மிதந்தது. செயலாளர் குறித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை, பிறந்த அறை மட்டும் வீட்டிலிருந்து பிரிந்து பந்தின் பின்னால் கிளம்பியது. உள்ளே இளவேனில் படுத்திருந்தாள். உலகம்மை காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

வில்வநாதன் மிச்ச வீட்டின் விளிம்புக்கு ஓடிவந்தார். “உலகு! அங்கிட்டு மணல்குழி இருக்கு. அடுத்த வாரம் பாத்து மெதுவா அடிக்கச் சொல்லு!”

“அவ இஷ்டத்துக்கு அடிக்கட்டும். நீங்க சீக்கிரம் வந்து சேருங்க, பேர் வைக்கணும்!”

தண்ணீரில் விழுந்த பந்தைக் கண்டெடுத்தால்தான் அடுத்த அடி. வில்வநாதன் பெரிய மட்டையைத் தோளில் சாய்த்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். அடியில் சேறு முழங்கால்வரை இருந்தது. அதில் ஏற்கெனவே பந்து தேடுகிறவர்களின் வரிசை நின்றது. அவர் கடைசியில் போய் நின்றுகொண்டார். முன்னால் நின்றவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.