அப்பா கதைத்துக்கொண்டிருந்த ஆள்

“கொஞ்சம் பொறும். இவள் காதுக்குக் கிட்ட வந்திட்டாள். வெட்டிப்போடுவாள்.”

றோஸி சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தன்னிடம் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளிடமென்றால் ‘பொறு’ என்றிருப்பார். ‘பொறும்’ என்ற மரியாதை அந்த வீட்டில் ஒரேயொருவருக்குத்தான். அவர் கண்ணுக்குத் தெரிகிற ஆளில்லை.

“ஆடாதேங்கோ அப்பா.”

“நான் ஆடேல்ல பிள்ளை. மூச்சு ஆட்டுது.”

முதுகுக்குத் தலையணைகளை அண்டைகொடுத்து அப்பா ஸ்ரனிஸ்லாஸைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. கால்கள் இரண்டும் நீர் கோத்து, தொட்ட விரலின் குழி அப்படியே கிடக்கிற அளவுக்கு வீங்கியிருந்தன. பெரிய வெள்ளியன்று வந்த டொக்டர் கையைத் துடைத்தபடியே, இனித் தன்னைக் கூப்பிட வேண்டியதில்லை, பங்குச் சுவாமியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சுவாமியைக் கூப்பிடுவதுதான் அந்த வீட்டில் முடியாத காரியம்.

ஸ்ரனிஸ்லாஸ் கொழும்புத் துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டியவர். ஒரு காலத்தில் திருநாளுக்குச் சுரூபம் தூக்கும்போது முதல் தோள் அவருடையதாக இருக்கும். பிறகு, ஒரு நாள் மத்தியானம், மகன் ஹியூபேட் இதே வீட்டின் பின்னறையில் கயிறு போட்டுக்கொண்டான். ஏன் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தன் உயிரைத் தானே எடுத்தவனுக்குக் கோயில் மணி அடிப்பதில்லை, சேமக்காலையில் புதைக்க இடமும் இல்லை என்று அப்போதிருந்த சுவாமி சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைப் புதைக்கிற துண்டு நிலம் ஒன்று சேமக்காலை மதிலுக்கு வெளியே இருந்தது. அங்கேதான் ஹியூபேட்டைப் போட்டார்கள். செபம் சொல்ல ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து ஸ்ரனிஸ்லாஸ் கோயில் படி மிதிக்கவில்லை. மனைவி மெற்றில்டாவின் அடக்கப் பூசைக்குக்கூட வெளியே வீதியில்தான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் ஹியூபேட்டைப் புதைத்த மறுநாள் காலையிலேயே, முற்றத்துப் பைப்படியில் முகம் மழிக்கும்போது, அவர் ஆண்டவரை ஏசத் தொடங்கிவிட்டார். துறைமுகத்து வார்த்தைகள். மெற்றில்டா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த நாளும் ஏச்சு, அதற்கடுத்த நாளும். எந்த நாளும் தவறவில்லை. பிறகு, எப்போதிலிருந்து என்று சொல்லமுடியாதபடி, ஏச்சு கதையாக மாறியது. மழை பெய்யாததைச் சொல்வார். லோஞ்சின் எஞ்சின் இருமுவதைச் சொல்வார். றோஸிக்குத் தலையிடி என்பார். மறுமொழிக்கு இடம்விடுகிற மாதிரி நடுவில் நிறுத்துவார். சில நாள் சிரிப்பார். ஒழுங்கையால் போகிறவர்கள் கிழவனுக்கு மூளை தட்டிப்போட்டுது என்றார்கள்.

றோஸி கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவள். விடியற்பூசை தவறாதவள். எந்தத் திருநாளுக்கு எந்தச் செபம் என்று கேட்டால் புத்தகம் திறக்காமல் சொல்லுவாள். அப்பா பைப்படியில் கதைக்கத் தொடங்கினால் யன்னலைச் சாத்துவாள். வெட்கத்தில்தான் சாத்துகிறேன் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் சாத்திய யன்னலுக்குப் பின்னால் சில நாள் அவள் நின்று கேட்டதும் உண்டு.

இன்றைக்கு உயிர்த்த ஞாயிறு. விடியற்பூசை முடிந்ததும் புதுச் சுவாமியிடம் போய் நின்றாள். சுவாமி இளந்தாரி, பங்குக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை.

“அவராக் கேக்கவேணும் பிள்ளை,” என்றார் சுவாமி. “வாயால ஏலாட்டித் தலையை ஆட்டினாலும் காணும். அடுத்த பூசை முடிய வாறன்.”

கோயில் மூப்பர் சிறில் வாசல்வரை அவள் பின்னால் வந்தார். “எப்பிடியாவது ஓமெண்டு சொல்லவையும் றோஸி. இல்லாட்டித் தகப்பனுக்கும் மதிலுக்கு வெளியதான்.”

அந்த வார்த்தையை அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்திருந்தாள்.

“அப்பா,” கத்தியைத் துவாயில் துடைத்தாள். “சுவாமியை வரச் சொல்லட்டே?”

“வரட்டன். கோப்பி போட்டுக் குடு.”

“விளையாடாதேங்கோ. பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, அவஸ்தைப்பூசுதல் பெறவேணும். நீங்கள் கேட்டாத்தான் அவர் வருவார்.”

“சொல்ல இருக்கிறதெல்லாம் நாளாந்தம் சொல்லிக்கொண்டுதானே வாறன். இடையில ஆள் வேண்டாம் பிள்ளை.”

“அப்பிடியெண்டா நரகத்துக்குத்தான் போவியள்!”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கத்தியைத் தாழ்த்தினாள். ஸ்ரனிஸ்லாஸ் கோபப்படவில்லை. மழித்த கன்னமும் நுரை பூசிய கன்னமுமாக அவளைப் பார்த்தார். பிறகு முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி, “கேட்டீரே?” என்றார்.

அப்போதுதான் முதற்சத்தம் கேட்டது.

இடி என்று நினைத்தாள். இரண்டாவது சத்தத்துக்கு அலுமாரியிலிருந்த பீங்கான்கள் கிலுகிலுத்தன. பிறகு துறைமுகப் பக்கமிருந்து பீரங்கிகள் விடாமல் வெடித்தன. சிங்கப்பூர் விழுந்த நாளிலிருந்து ஒழுங்கையில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் இப்போது ஒரே நேரத்தில் வீதிக்கு ஓடினார்கள். பிள்ளைகளின் அலறல் வீட்டுக்குள் கேட்டது.

“புள்ள! றோஸி!” பக்கத்து வீட்டு ஸைனம்பு முக்காடு நழுவ வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் புருசன் இப்றாஹிம். “யப்பான்காரன் குண்டு போடுறான்! ஓடி வாங்க, மைதானத்துப் பதுங்குகுழிக்குப் போவோம். வாப்பாவ இவரு தூக்கிக்குவாரு.”

இப்றாஹிம் தச்சு வேலை செய்பவர்; கட்டிலோடு தூக்கக்கூடிய உடம்பு. அவர் உள்ளே கால் வைத்ததும் ஸ்ரனிஸ்லாஸ் கையை உயர்த்தினார்.

“தம்பி, என்னைத் தூக்கினா வழியில முடிஞ்சிடும். உன்ர பிள்ளையளைப் பார். போ.”

இப்றாஹிம் றோஸியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர்கள் போனார்கள்.

றோஸி கத்தியை வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்தாள். “அப்பா, நான் ஓடிப்போய் சுவாமியைக் கூட்டியாறன். ஓமெண்டு ஒரு சொல். உங்களுக்காக வேண்டாம், எனக்காகச் சொல்லுங்கோ.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதை ‘ஓம்’ என்றும் எடுக்கலாம், ‘இல்லை’ என்றும் எடுக்கலாம். அவள் ஓடினாள்.

ஒழுங்கை முழுக்க மனிதர்கள் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி கோழிக்கூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். கூரைகளுக்கு மேலால் விமானமொன்று தாழப் பறந்துபோனது; அதன் நிழல் சுவரில் ஏறி இறங்கியதைக் கண்டாள். துறைமுகத்தின் பக்கம் கரும்புகை எழும்பி, கோயில் கோபுரத்தை மறைத்தது. சந்திக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. இந்த நேரத்தில் சுவாமியை எங்கே தேடுவது? கண்டாலும் அப்பா தலையாட்டுவாரா? அதற்குள் அவர் தனியே போய்விட்டால்?

‘அருள் நிறைந்த மரியாயே’ என்று தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வரி.

திரும்பி வீட்டுக்கு ஓடினாள்.

அறை வாசலில் தொங்கிய சீலையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பா கதைத்துக்கொண்டிருந்தார். சத்தம் குறைந்திருந்தது, ஆனால் பைப்படியில் கதைக்கிற அதே தோரணை.

“…பெடியன் தனியக் கிடக்கிறான், அந்தச் சின்னக் குழந்தையளோட. என்னை அவனுக்குப் பக்கத்தில போடவேணும். றோஸியிட்ட நான் சொன்னா அழுவாள். நீர் சொல்லும். நீர் சொன்னாக் கேப்பாள். விடியக்காலமை எழும்பி உம்மட வீட்டுக்கு வாறவள்தானே.”

நிறுத்தினார். எங்கேயோ பெரிதாக வெடித்தது. சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யாரோ சொல்வதைக் கேட்கிறவர்போல நெற்றியைச் சுருக்கினார்.

“இல்லை, இப்ப கோவமில்லை. இருந்தது. எவ்வளவு ஏசினனான்… நீர் எழும்பிப் போகேல்லையே.”

மூச்சு இழுத்தது. விட்டது. நீண்ட நேரம் வெறும் மூச்சுத்தான். பிறகு கண்ணைத் திறக்காமலே, “எவ்வளவு நேரம் உதில நிக்கப்போறாய் பிள்ளை?” என்றார். “மற்றக் கன்னம் கிடக்கு.”

றோஸி வந்து உட்கார்ந்தாள். நுரை காய்ந்து போயிருந்தது. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துச் சவர்க்காரத்தில் தேய்த்தாள். திரும்பியபோது அவருடைய வாய் சற்றுத் திறந்திருந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். தூரிகையிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டியது. மூச்சு வரவில்லை.

பிறகு அந்தக் கன்னத்தையும் மழித்தாள். அவசரப்படவில்லை. பீரங்கிச் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

சுவாமி பின்னேரந்தான் வந்தார். அங்கி முழுக்கப் புகைக்கரி. காலையிலிருந்து துறைமுகத்தில் காயப்பட்டவர்களோடும் செத்தவர்களோடும் நின்றிருக்கிறார். கூடவே சிறில் மூப்பர். வெள்ளைவேட்டி உடுத்திக் கிடந்த உடலுக்குத் தலைமாட்டில் இருந்த ஸைனம்பு எழுந்து வழிவிட்டாள்.

சுவாமி முழந்தாளிட்டுச் சற்று நேரம் இருந்தார். எழுந்தபோது தயங்கித்தான் கேட்டார். “பிள்ளை, கடைசியில குருவானவரைக் கேட்டவரோ?”

“கேட்டிருப்பார் சுவாமி,” என்றார் சிறில் முந்திக்கொண்டு. “உந்தக் குண்டுச் சத்தத்துக்குள்ள றோஸியே சந்திமட்டும் ஓடி வந்ததை ஆக்கள் கண்டிருக்கினம். தகப்பன் கேக்காமல் ஓடி வருவாளே? கேட்டவர்தானே றோஸி?”

சிறிலின் கண்கள் அவளைக் கெஞ்சின. கெட்ட மனிதரல்ல. ஹியூபேட்டின் பெட்டியை மதிலுக்கு வெளியே தூக்கிப்போனவர்களில் அவரும் ஒருவர். ஓம் என்று ஒரு சொல். மணி அடிக்கும். சேமக்காலைக்குள் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். ஒழுங்கைச் சனம் இனி வாய் திறக்காது.

றோஸி நெஞ்சுக்குள் ஒரு செபத்தைத் தேடினாள். அத்தனை செபங்களில் ஒன்றும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ‘நான் என்ன சொல்ல?’ என்றுதான் வந்தது. யாரிடம் கேட்டோம் என்று உணர்ந்தபோது மயிர்க்கூச்செறிந்தது. மறுமொழி எதுவும் கேட்கவில்லை. சுவாமியை நேராகப் பார்த்தாள்.

“கேக்கேல்லை சுவாமி,” என்றாள். “உங்களைக் கேக்கேல்லை. அவர் ஆண்டவரோட கதைச்சுக்கொண்டிருந்தவர்.”

சிறில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன கதைச்சவர்?” என்று கேட்டார் சுவாமி.

அவள் சொன்னாள். கோபமில்லை என்றதையும், நீர் எழும்பிப் போகேல்லையே என்றதையும், மற்றக் கன்னத்தையும்கூட.

“இண்டைக்கு மட்டுமோ, நெடுக இப்பிடிக் கதைக்கிறவரோ?”

“ஒவ்வொரு நாளும். முதல்ல ஏச்சுத்தான் சுவாமி. கேக்கேலாத ஏச்சு. பிறகுதான் கதை.”

சுவாமி தன் கரிபடிந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகரக் கூரையில் காகமொன்று நடக்கும் சத்தம் கேட்டது. “கோவமில்லையெண்டு சொன்னது எனக்குக் காணும்,” என்றார் கடைசியில். “உள்ளுக்கு அடக்கலாம். மேல யாரும் கேட்டா நான் மறுமொழி சொல்லுறன்.”

“ஆண்டவரே!” என்று சிறில் மார்பில் கை வைத்தார்.

“உள்ளுக்கு வேண்டாம் சுவாமி.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“தம்பிக்குப் பக்கத்தில போடவேணும். அப்பா என்னட்டச் சொல்லேல்ல. ஆண்டவரிட்டத்தான் சொன்னவர், என்னட்டச் சொல்லச் சொல்லி.” அறை வாசல் சீலையைக் காட்டினாள். “நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

“உமக்கென்ன விசரே?” என்றார் சிறில். “கிடைச்சதை வேண்டாமெண்டுறீர். நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?”

“சொல்லட்டும்.”

சுவாமி உடலின் பக்கம் திரும்பினார். “அது மந்திரிச்ச நிலமில்லை பிள்ளை. ஆனா அப்பிடியான இடத்தில ஒரு குழியை மட்டும் தனிய மந்திரிக்கலாம். அந்த ஒரு குழியை மட்டும். பக்கத்தில கிடக்கிற பெடியன்ர குழிக்கு எனக்கு அதிகாரம்…” முடிக்காமல் விட்டார். “நாளைக்குக் காலமை வாறன்.”

மறுநாள் கொழும்பே காலியாகிக்கொண்டிருந்தது. மூட்டை முடிச்சுகளோடு சனம் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போனது. குழிவெட்டுகிறவனும் ஓடிவிட்டான். இப்றாஹிம் இரவோடிரவாகப் பலகை அறைந்து பெட்டி செய்திருந்தார். அவருடைய கைவண்டியில்தான் ஸ்ரனிஸ்லாஸ் போனார். கோயில் மணி அடித்தது. சிறில் மூப்பர் தானே போய் அடித்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. வந்தவர் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு, இப்றாஹிமோடு குழிக்குள் இறங்கி, மண்ணை வெட்டி எறிந்தார்.

ஹியூபேட்டின் மண்மேடு தெரியாதபடி தொட்டாச்சுருங்கி படர்ந்து கிடந்தது. அதன் ஓரத்தை ஒட்டித்தான் புதுக்குழி. சுவாமி வெள்ளை மேலங்கி போட்டு வந்திருந்தார். லத்தீனில் செபம் சொன்னார். தீர்த்தச் செம்பைச் சிறில் நீட்டினார். சுவாமி குழிக்குள் தெளித்தார், பெட்டிமேல் தெளித்தார். பிறகு கை நீண்டது. தண்ணீர் குழியைத் தாண்டிப்போய் அந்தப் பச்சைமேல் விழுந்தது.

சிறில் சுவாமியின் முகத்தைப் பார்த்தார். சுவாமி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் கொஞ்சம் தாரும்,” என்றார். சிறில் செம்பைச் சரித்துப் பிடித்தார். கை மறுபடியும் வீசியது, முன்னையிலும் அகலமாக.

துளி பட்ட இடத்திலெல்லாம் தொட்டாச்சுருங்கி இலைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. மண் தள்ளி முடிந்து, இப்றாஹிம் வெறும் வண்டியைத் திருப்பி, எல்லாரும் மதிலோரமாக நடக்கத் தொடங்கிய பிறகும், அவை திரும்ப விரியும்வரை றோஸி அங்கேயே நின்றாள்.