வளர்த்த கல்

டிரைவரின் மனைவிக்கு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை. பழைய சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், அச்சு அசலாக அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்துவிடுவாள். அந்தக் கண்ணில்தான் நோய் வந்தது. நிறங்கள் முதலில் மங்கும், அப்புறம் பார்வையே போய்விடும் என்று மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு யாரோடும் பேசாமல் சுருண்டு கிடந்தவள், ஒருநாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நிறம் மாறுற கல்லுன்னு ஒண்ணு இருக்காமே. கண்ணு இருக்கும்போதே பார்த்துடணும்."

வாய் திறந்து எதையும் கேட்டிராதவள். மறுநாளே டிரைவர் அவளை ரத்தினக் கடைக்குக் கூட்டிப்போனார்.

"நிறம் மாறுற கல்லுக்கு அலெக்சாண்ட்ரைட்னு பேரு" என்று கடைக்காரம்மா ஜன்னலோரத்தில் வைத்து ஒரு கல்லைக் காட்டினார். மங்கலான பச்சை. பிறகு கடையின் வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு, பழைய மஞ்சள் குண்டு பல்பைப் போட்டார். "வெள்ளை லைட்ல சரியா மாறாது. இப்போ பாருங்க."

பச்சை போய்ப் பழுப்புச் சிவப்பு வந்திருந்தது. "அட!" என்றார் டிரைவர்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றாள் மனைவி.

கடைக்காரம்மா இன்னொரு கல்லை எடுத்தார். "முதல்ல காட்டினது மண்ணுல விளைஞ்சது. அதுல பளிச்சுனு மாறுறது கிடைக்கிறதே அபூர்வம், கிடைச்சாலும் விலை கைக்கு எட்டாது. இது ஆய்வகத்துல வளர்த்தது."

ஜன்னலில் பச்சையாக இருந்த அது, பல்பின் கீழ் மாதுளை முத்துபோலச் சிவந்தது. மூக்கு இடிக்கிற அளவுக்கு அவள் குனிந்து பார்த்தாள்.

"தெரியுதுங்க! மாறிடுச்சு!"

டிரைவருக்கு மனசு ஒப்பவில்லை. "ஆசைப்பட்டு வாங்குறோம். போய்ப் போலியையா வாங்குறது?"

"இதுவும் அதே அலெக்சாண்ட்ரைட்தாங்க. வேற ஏதோ கல்லை அந்தப் பேரைச் சொல்லித் தலையில கட்டுறாங்களே, அதான் போலி. நான் வளர்த்த கல்லுன்னே பில்லுல போட்டுத் தர்றேன்."

"நான் என்ன விக்கவா போறேன்? பார்க்கத்தானே கேட்டேன்" என்றாள் மனைவி.

மோதிரத்தில் பதித்து வாங்கினார்கள். காலையில் ஜன்னலுக்கும் சாயங்காலம் பல்புக்கும் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பாள். "இந்தப் பச்சை வரணும்னா நீலம் ஒரு சொட்டு கூட விடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சோறு தண்ணிகூட ஒழுங்காக இறங்கியது.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், "பல்பைப் போடலையா?" என்று கேட்டாள்.

பல்பு அவள் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டார். அவளே புரிந்துகொண்டாள். மோதிரத்தைக் கழற்றி, தடவிப் பார்த்து, அவருடைய சுண்டுவிரலில் மாட்டிவிட்டாள்.

"இனிமே நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அவரும் சொன்னார். "இன்னிக்குக் கொஞ்சம் ஊதா ஏறியிருக்கு" என்பார். "கத்திரிக்காய் ஊதாவா, நாவப்பழ ஊதாவா?" என்று அவள் குடைவாள். அவர் திணறுவார். பஸ் ஓட்டி அலுத்து வருகிற மனிதர். போகப்போக விவரம் சுருங்கியது. கடைசியில் செருப்பைக் கழற்றும்போதே, விரலைப் பார்க்காமலே, "சிவப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போக ஆரம்பித்தார்.

அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைக் கவனிக்கவே அவருக்கு வெகுநாள் ஆயிற்று.