பதினாறாம் ஆட்டக்காரன்

கார்முகில் கலைந்த பிற்பகலின் பொன்வெயில், பல்கலைக்கழகத்தின் செங்கல் மாடங்களில் சாய்ந்து, நூலகத்தின் நெடிய சாளரங்களைத் தீண்டி, வேதியியல் கூடத்துப் புகைபோக்கியின் நிழலைப் புல்வெளியின் குறுக்கே நீட்டி, வடகோடியில் இரு வெண்கம்பங்கள் குறுக்குச் சட்டம் தாங்கி நிற்கும் ஆடுகளத்தில் வந்து அமர்ந்தது. உலகோர் ரக்பி என வழங்கும் நீள்பந்தாட்டத்துக்கென அங்கே கழகம் கண்டு ஐம்பது ஆண்டு நிறைந்த நாள் அது. அன்பிற்குரியீர், அக்கழகத்தின் வரலாறு அச்சில் நானூறு பக்கம். அதில் மெய் எத்தனை பக்கம் என்று நான் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். நகையுங்கள், இருக்கையை விட்டு மட்டும் எழாதீர்கள்.

முதல் ஆட்டத்தன்று பெய்த மழையில் களம் சேறாகி, சேறு குழம்பாகி, இரு அணியினரையும் குழாய்நீரில் கழுவிய பின்னரே யார் எவர் எனப் பிரித்தனர். கழுவப்படாது தப்பிய எதிரணி வீரர் ஒருவர் நம் விடுதியில் மூன்று நாள் உணவுண்டு, தேர்வும் எழுதித் தேறினார். அத்தகைய சேற்றில், ஆட்டம் முடியும் தறுவாயில், வீரரெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் வீழ்ந்து குன்றெனக் குவிந்த அடியில், ஒரு கை பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அழுத்திற்று. கழகத்தின் முதல் வெற்றி அது. அக்கை அணித்தலைவருடையது. ஐயமற இதை அறிந்தவர், அக்கையின்மேல் முகம் பதித்துக் கிடந்த, கொக்கி எனப்பட்ட ஆட்டக்காரர் ஒருவரே.

முன்வரிசையின் நடுவே, இருபுறமும் தோள்பிணைத்து நின்று, எதிரணியை முட்டித் தள்ளியவாறே பந்தைக் காலால் வளைத்து இழுப்பவர் ஆதலின் அவருக்கு அப்பெயர். பின்னாளில் அவர் தலைவரின் தங்கையை மணந்தார். கழகத்தின் வரலாற்றாசிரியரும் ஆனார். கழுத்து நோகப் பந்தை இழுத்தவர் தாம், கைதட்டல் வாங்கியவர் மைத்துனர் என்னும் எண்ணம், ஈரவிறகில் பற்றிய தீயென எரியாமலும் அணையாமலும் அவர் நெஞ்சில் புகைந்தது.

முதல் வெற்றியை ஈட்டியவர் என நூலில் எழுதப்பட்டவரே பொன்விழா ஆட்டத்தை உதைத்துத் தொடங்குவார் என்பது கழக விதி. தம் பெயரை எழுதிக்கொள்ளக் கொக்கி துணிந்திலர்; அச்சுப்படி பார்ப்பவர் அவர் மனைவி. மைத்துனர் பெயரை எழுதவோ கை மறுத்தது. ஆகவே, பதினைவர் ஆடவேண்டிய அணியில் பதினாறாவதாக ஒருவனைப் படைத்து, காற்றுக்காலன் எனப் பெயரிட்டு, சேற்றில் நடுவர் எண்ணத் தவறினார் என அடிக்குறிப்பும் இட்டு, அவ்வெற்றியை அவனுக்கு ஈந்து, மறுவாரமே அவனை அயலூருக்கு அனுப்பிவைத்தார்.

போனவன் ஓய்ந்திருந்தானா? பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்தான். இரவல் வாங்கிய காலணியை அவன் திருப்பித் தரவில்லை என்றார் பழைய வீரர் ஒருவர். நிழற்படத்தின் ஓரத்துக் கறையைக் காட்டி, அவன் தோள் அது என்றார் மற்றொருவர். அவன் பெயரால் கேடயம் எழுந்தது. அவனைப் பேசி முடித்தபின் நேரமிருந்தால் கொக்கியைப் பற்றியும் பேசினர்.

பொன்விழா நாளில் கோட்டோரம் அவனுக்கென வெற்று நாற்காலி ஒன்று இட்டு, நடுக்களத்தில் பந்தை வைத்து, அவன் உதைப்புக்கெனவே அனைவரும் காத்து நின்றனர். சற்றே காற்று வீச, பந்து ஒரு முழம் உருண்டது. கூட்டம் கண்ணீர் மல்கக் கைதட்டிற்று. கொக்கிக்குப் பொறுக்கவில்லை, அருகிருந்த தலைவர்பால் சாய்ந்தார்.

“மச்சான், அன்னிக்குப் பந்தை வெச்சது நீங்கதானே? உண்மையைச் சொல்லுங்க.”

“நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன் மாப்ள. உங்க புத்தகத்தைப் படிச்ச பிறகுதான் தெளிஞ்சுது. என் வேகத்துக்கு அங்க போய்ச் சேர்ந்திருப்பேனா? நல்ல பையன். எங்க இருக்கானோ.”

“அப்படி ஒருத்தனே கெடையாது. உங்களுக்குப் பேர் வரக் கூடாதுன்னு நானா எழுதினது.”

தலைவர் அவர் தோளை இரக்கத்தோடு தட்டினார். “அவன் மேலயுமா மாப்ள? இத்தனை வருசமா என்மேல பொறாமைப்பட்டது போதாதா?”

கொக்கி துணைதேடி மனைவிபக்கம் திரும்பினார். “அன்னிக்கு நீ கோட்டோரமாத்தானே நின்ன. நீயே சொல்லு, அப்படி யாரையாச்சும் பாத்தியா?”

“பாக்காம என்ன,” என்றார் அவ்வம்மையார், களத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “வெளிய போறப்ப என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சார். உங்க வீட்டுலேர்ந்து மட்டும் பொண்ணு கேட்டு வராம இருந்திருந்தா... சரி, ஆட்டத்தைப் பாருங்க.”

அவர் இதழோரத்தில் அரும்பிய நகையைக் கொக்கி கண்டிலர். மைத்துனர்மீது கொண்ட அழுக்காற்றுக்கேனும் முட்டித் தள்ள ஒரு தோள் இருந்தது; இல்லாதவன் தோளை எங்ஙனம் முட்டுவது? ஒருவன் புகழை மறைக்க நாம் எழுப்பும் நிழல், அவனை விட்டு நம்மேல் விழுவதே உலகியல்பு. அந்தி சாய வீடு புகுந்த கொக்கி, எழுபத்திரண்டு வயதில், நிலைக்கண்ணாடி முன்னின்று, தோள்வழியே திரும்பிப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பழகினார். ஒருமுறையேனும் அது அவனுடையதுபோல் வாய்க்கவே இல்லை.