மஞ்சள் கண்ணில் ஏறாது

குணவதியால் சும்மா உட்கார முடியாது. பகலெல்லாம் பேருந்து ஓட்டுகிறவள். வீட்டிலும் அவள் கண், பேருந்தின் பக்கக் கண்ணாடிகளைப் பார்க்கிற மாதிரி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவள் ஒன்றைப் பார்க்கத் தவறினாள் என்றால், அதற்குக் காரணம் நலங்கு மஞ்சள்தான்.

கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே மகள் தாரணிக்குக் கல்யாணம். புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டில் நலங்கு தொடங்கிவிட்டது. சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து முகத்திலும் கைகாலிலும் மஞ்சள் பூசி, கேலி பேசிவிட்டுப் போவார்கள். இந்தப் பெண்ணுக்கு மஞ்சள் எப்படிப் பிடித்திருக்கிறது, குளித்தாலும் போகவில்லையே என்று ஆளாளுக்கு வியந்தார்கள். குணவதிக்கு உச்சி குளிர்ந்தது.

உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள் தாரணி. மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று குணவதி தேக்கா கடைத்தெருவுக்கு ஓடி, வேறு கடையில் வேறு மஞ்சள் வாங்கி வந்தாள். அரிப்பு நிற்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி என்றாள். அது சின்ன வயதிலிருந்தே வந்து வந்து போகிற வலி. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் வாயுதான் பிடிக்கும் என்று வழக்கம்போலத் திட்டி, ஓமத்தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் நலங்குக்கு உட்கார்ந்திருந்தபோதே தாரணிக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்தது, தொட்டால் சுட்டது. மடியில் சாய்த்துக் கன்னத்தைத் தட்டியபோதுதான் குணவதி அந்தக் கண்களைப் பார்த்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. கண்ணுக்குள் யாரும் மஞ்சள் பூசவில்லையே.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். தமிழ் பேசும் டாக்டரம்மா ஒருவர் பொறுமையாகச் சொன்னார். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய், தாரணிக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் பை போல உப்பியிருக்கிறது. பித்தம் தேங்கி, கல் சேர்ந்து, கிருமியும் பிடித்துவிட்டது. முதலில் வாய்வழியாகக் கருவி விட்டு அடைப்பை எடுப்பார்கள். காய்ச்சல் தணியும், மஞ்சளும் இறங்கும். ஆனால் பையை விட்டுவைத்தால் இதே கதை திரும்பத் திரும்ப நடக்கும். பின்னாளில் புற்றுநோய்கூட வரலாம். அதனால் அந்தப் பையையும் பித்தப்பையையும் வெட்டி எடுத்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து ஈரல் குழாயோடு தைத்துவிட வேண்டும்.

குணவதி ஒன்றுதான் கேட்டாள். "கல்யாணத்த முடிச்சிட்டு செஞ்சா பரவால்லயா, டாக்டர்?"

"தள்ளிப்போட்டு, நடுவுல கர்ப்பமாயிட்டாங்கன்னா ஆபத்தும்மா. கிருமி தணிஞ்சதும் செய்றதுதான் நல்லது."

வயிற்றில் கத்தி வைத்த பெண் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் ஆஸ்பத்திரி என்று மாப்பிள்ளையின் அம்மா லோகாம்பாளிடம் போனில் சொல்லிவிட்டாள். தாரணியிடமும் வாயைத் திறக்காதே என்றாள். அடைப்பு நீங்கி மஞ்சள் இறங்கியதும் அந்தப் பொய்க்குத் தெம்பு வந்துவிட்டது. பெண்தான் பளிச்சென்று இருக்கிறாளே, தாலி ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று வார்டுக்கும் லிஃப்டுக்குமாக நடந்தாள்.

தாரணி அவளை அருகே கூப்பிட்டாள்.

"அம்மா, பஸ்ல பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சப்புறம், இந்த ஒரு டிரிப் மட்டும் போயிட்டு வந்துடறேன்னு எடுப்பீங்களா?"

குணவதி வெளியே போய் லோகாம்பாளை அழைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையிலிருந்து வரேன் என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குணவதி பட்ட பாடு கொஞ்சமல்ல. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் எடுத்து வந்து குடிக்க மறந்தாள்.

லோகாம்பாள் மகன் கபிலனோடு வந்தார். அவன் நேராகத் தாரணியிடம் போனான். அவர் குணவதி எதிரில் உட்கார்ந்தார்.

"மறைக்கணும்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னீங்க. முந்தினநாள் நான் கொடுத்தனுப்பிச்ச கேசரியத்தான் சொல்றீங்கன்னு ரெண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்ல, சம்பந்தி."

குணவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கோயிலில் வேறு முகூர்த்தம் கேட்டுக்கொள்ளலாம் என்றார் லோகாம்பாள். "இவன் சட்டையே இன்னும் தைச்சு வரல லா."

அறுவை சிகிச்சை நடந்த பகல் முழுவதும் குணவதி நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்தாள். நல்லபடியாக முடிந்தது என்று வந்து சொன்ன பிறகும் மனம் அடங்கவில்லை. தாரணியின் வயிற்றிலிருந்து வெளியே விட்டிருந்த வடிகுழாயில் கொஞ்சம் பித்தம் கசிந்தது. தையல் ஆறும்போது சிலருக்கு இப்படி ஆகும், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். குணவதி அந்தக் குழாயையே பார்த்தபடி கிடந்தாள். கசிவு நின்றது. வெட்டி எடுத்த பையைச் சோதித்ததில் புற்று எதுவும் இல்லை என்றும் தெரிந்தது. ஆனாலும் காலமெல்லாம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

புது முகூர்த்தத்துக்கு மீண்டும் நலங்கு. அதே பெண்கள், அதே கேலி. லோகாம்பாளும் வந்திருந்தார், கேசரியோடு. முதலில் குணவதிதான் பூச வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கையில் மஞ்சளை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"தாரணி, மேல பாரு."

இன்னொரு கை விரலால் மகளின் கீழ் இமையை மெல்ல இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை. மற்றக் கண்ணையும் பார்த்தாள். கிண்ணத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. சந்தேகம் தீராமல் முதல் கண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கன்னத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்தாள்.