மறைத்த நெடுவரிசை

மேலாளர் அனுப்பிய எக்செல் பட்டியலைப் பிரெய்லியாக மாற்றித் தந்தது பிரெய்லி அச்சுப் பிரிவில் இருந்த அவள்தான். ஊழியர்களின் விடுமுறைக் கணக்கு. புள்ளி குத்தும் இயந்திரம் அறையே அதிர அடித்துத் தள்ளியது.

கூட்டத்தில் மற்றவர்கள் சாதாரணத் தாளைப் புரட்ட, பார்வையில்லாத நூலகர் விரலால் படித்துக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

“சார், என் பேருக்கு நேரா ‘அடுத்த மாசம் வேலையைவிட்டு அனுப்பிடலாம்’னு இருக்கே?”

“அப்படி ஒண்ணும் இல்லையே!” என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார் மேலாளர்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் குறிப்புகள் இருந்த நெடுவரிசையை மேலாளர் எக்செல் திரையில் மறைத்துவைத்திருக்கிறார். அதனால் மற்றவர்கள் தாளில் அது அச்சாகவில்லை. பிரெய்லி மென்பொருளுக்கோ அந்த ஒளிவுமறைவெல்லாம் தெரியாது.

“எங்க தாள்ல காணோமே,” என்றார் பக்கத்திலிருந்த எழுத்தர்.

நூலகர் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார்.

“உங்க பேருக்கு நேராவும் ஒண்ணு இருக்கு. படிக்கட்டுமா?”